ஹால் விளக்கு அணைய மறுத்தால் சார்ஜரைத் தேடுங்கள்

பகலெல்லாம் சொன்னபடி கேட்கும் விளக்கு, இரவு ஏழு மணிக்கு மேல் நாலு தடவை அழுத்தினால்தான் அணைகிறது. உடனே சுவிட்சை மாற்றுகிறார்கள். ஒரு வாரத்தில் புது சுவிட்சும் அதே வேலையைக் காட்டுகிறது. விளக்கு போன்றவற்றுக்கு வீட்டு மின்கம்பி வழியே கட்டளை அனுப்பும் சாதனங்களில், கேட்காமல் அடம்பிடிக்கும் சாதனத்தில் பெரும்பாலும் குறை இருப்பதில்லை. அதே கம்பியில் செருகிய வேறு எதிலோ இருக்கும்.

சிங்கப்பூர் வீடுகளில் இந்த முறைக்கு இன்னும் மவுசு இருக்கக் காரணம் உண்டு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் தற்காப்பு அறைச் சுவரும் இரும்புக் கதவும் வைஃபையை நன்றாகவே மறிக்கும். கம்பி எல்லா அறைக்கும் ஏற்கெனவே போயிருக்கிறதே, அதிலேயே அனுப்பிவிடலாம் என்பது நியாயமான யோசனைதான்.

மின்கம்பிவழிக் கட்டளை முறைகளில் ஒன்றான பழைய எக்ஸ்10 (X10) வகைச் சாதனங்கள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்னோட்டத்தின் மேல் 120 கிலோஹெர்ட்ஸ் துடிப்புகளை ஏற்றுகின்றன. மின்னழுத்தம் சுழியைக் கடக்கும் நொடிப்பொழுதில் ஒரு மில்லிவினாடி மட்டும் நீடிக்கும் ஒரு துடிப்பு. முகவரியும் கட்டளையும் போய்ச் சேர 47 சுழற்சிகள், அதாவது ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடிக்குள் குறுக்கே மின் இரைச்சல் புகுந்தால் கட்டளை அத்தோடு போயிற்று. போய்ச் சேர்ந்ததா என்று அடிப்படை எக்ஸ்10 சாதனங்கள் திருப்பிச் சொல்வதும் இல்லை. மின்கம்பி வழியே இணையத்தைக் கொண்டுபோகும் பவர்லைன் அடாப்டர்கள் 2 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் இயங்குபவை. அவை தவறிய தரவைத் திரும்ப அனுப்பிச் சமாளிக்கும். அதனால் அங்கே கோளாறு வேகக் குறைவாகத்தான் தெரியும்.

கெடுப்பவை இரண்டு வகை. ஒன்று கம்பிக்குள் சத்தம் போடுவது, மற்றது சமிக்ஞையைக் குடிப்பது. மிக்சியின் கார்பன் பிரஷ் மோட்டார், எல்இடி விளக்குக்கு மின்சாரம் தரும் மலிவான டிரைவர், சில இன்வெர்ட்டர் குளிர்சாதனங்கள் எல்லாம் சத்தம் போடுபவை. ஓடும்போது மட்டும்தான் தொல்லை என்பதால் பிடிப்பது சுலபம்.

குடிப்பவைதான் ஆளை அலையவைக்கும். கணினி மின்வழங்கி, தொலைக்காட்சி, யுபிஎஸ், மின்னழுத்தப் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன், சில சார்ஜர்கள் ஆகியவற்றின் வாயிலிலேயே, லைவுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே ஒரு மின்தேக்கி உட்கார்ந்திருக்கும். 0.1 மைக்ரோஃபாரட் என்று வையுங்கள். 50 ஹெர்ட்ஸுக்கு அது ஏறக்குறைய 32,000 ஓம் தடை, இருப்பதே தெரியாது. 120 கிலோஹெர்ட்ஸுக்கோ வெறும் 13 ஓம். இதுபோல் மூன்று சேர்ந்தால் நாலு ஓம் சொச்சம். அனுப்பிய சமிக்ஞை அங்கேயே வடிந்துவிடும். கைபேசியைக் கழற்றிவிட்டாலும், தொலைக்காட்சியை ரிமோட்டில் அணைத்தாலும் மின்தேக்கி கம்பியில்தான் இருக்கும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்தால்தான் விலகும். நம் ஊர் பிளக் பாயிண்டில் சுவிட்ச் இருப்பது இங்கே பெரிய வசதி.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. கோளாறு வரும் நேரத்திலேயே தேடுங்கள். ஞாயிறு காலை எல்லாம் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்து ஒன்றும் தெரியப்போவதில்லை. முதலில் அனுப்பும் கருவியை எக்ஸ்டென்ஷனிலிருந்தும் யுபிஎஸ்ஸிலிருந்தும் எடுத்து நேராகச் சுவரில் செருகுங்கள். பல புகார்கள் இதிலேயே தீர்ந்துவிடும். பிறகு இருபது முறை கட்டளை கொடுத்து எத்தனை பலித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுத்து மற்ற எல்லா பிளக்குகளையும் உருவிவிட்டு மறுபடி இருபது. இருபதுக்கு இருபது வந்தால், உருவியதில் பாதியைத் திரும்பச் செருகிச் சோதியுங்கள். கெட்டால் குற்றவாளி அந்தப் பாதியில். அதையும் பாதியாக்குங்கள். பதினாறு பொருள்கள் இருந்தாலும் நாலைந்து சுற்றில் ஆள் அகப்பட்டுவிடும். இரண்டு மூன்று பேர் கூட்டுச் சேர்ந்து கெடுப்பதும் உண்டு. அப்போது கூடுதல் சுற்று தேவைப்படும்.

எல்லாவற்றையும் உருவிய பிறகும் கெட்டால், நிலையாகப் பொருத்தியவற்றைச் சந்தேகியுங்கள். வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியான டிபி பாக்ஸில், சோதனைக்கு வேண்டிய எம்சிபிகளை (ஒவ்வொரு மின்சுற்றுக்கும் உள்ள தானியங்கி சுவிட்சுகளை) விட்டுவிட்டு மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளிப் பாருங்கள். பொய்க்கூரைக்குள் ஒளிந்திருக்கும் விளக்கு டிரைவர்கள் அடிக்கடி அகப்படும். சாமி மேடையில் இருபத்துநாலு மணி நேரமும் எரியும் குட்டி எல்இடி விளக்கையும், தீபாவளிக்கு மாட்டும் சரவிளக்கையும் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. சேருங்கள். கையடக்க ஏஎம் வானொலியை நிலையமில்லாத இடத்தில் வைத்து விளக்கின் அருகே கொண்டுபோனால், இரைச்சல் போடும் டிரைவர் கரகரவென்று தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

குற்றவாளியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதற்கும் சுவருக்கும் இடையே, அந்த அலைவரிசைக்கான பிளக் வடிகட்டியைப் போட்டால் போதும். அதன் ஆம்பியர் அளவு, செருகும் சாதனத்துக்குப் போதுமானதா என்று பாருங்கள். கம்பியில் கவ்வும் ஃபெரைட் வளையம் பவர்லைன் அடாப்டருக்கு ஓரளவு உதவும். கம்பியை அதனுள் மூன்று சுற்று விட்டால் ஒரு சுற்றைப்போல் ஒன்பது மடங்கு பலம். 120 கிலோஹெர்ட்ஸில் அந்தச் சின்ன வளையம் ஏறக்குறைய அலங்காரம்தான்.

கண்ட இடமெல்லாம் வடிகட்டி மாட்டுவதும் சரியல்ல. பல வடிகட்டிகள் எர்த்துக்குக் கொஞ்சம் மின்னோட்டத்தைக் கசியவிடும். மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வீட்டு ஆர்சிசிபி 30 மில்லியாம்பியருக்கானது என்றாலும் 15ஐத் தாண்டினாலே விழலாம். பத்துச் சாதனங்களின் கசிவு சேர்ந்தால் காரணமில்லாமல் மின்சாரம் போவதுபோல் தெரியும். அதற்காக ஆர்சிசிபியைத் தவிர்த்து இணைப்பது உயிரோடு விளையாட்டு. பழைய வீடுகள் உட்பட எல்லா வீடுகளிலும் அது சட்டப்படி கட்டாயம்.

தரைவீடுகளில் மும்முனை மின்சாரம் இருந்தால் கதை வேறு. மாடி ஒரு முனையிலும் கீழ்த்தளம் இன்னொன்றிலும் இருக்கும். சமிக்ஞை தாண்டுவதே சந்தேகம். டிபி பாக்ஸில் முனை இணைப்பான் பொருத்தினால் சரியாகும். அந்தப் பெட்டியின் மூடியைக் கழற்றுவது எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவருக்கே உரிய வேலை. நாம் எம்சிபியைத் தள்ளுவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

யாரும் தொடாமல் விளக்கு தானாக எரிகிறதா? பேயை விட்டுவிட்டு அண்டை வீட்டைப் பாருங்கள். அடுக்குமாடியில் ஒரே முனையில் உள்ள வீடுகளுக்கிடையே சமிக்ஞை மீட்டரைத் தாண்டிக் கசியும். எக்ஸ்10இல் ஏ (A) முதல் பி (P) வரை பதினாறு வீட்டுக் குறியீடுகள் உண்டு. பெட்டியிலிருந்து எடுத்தபடியே எல்லோரும் முதல் எழுத்திலேயே விட்டுவிடுகிறார்கள். வேறு எழுத்துக்கு மாற்றுங்கள். பவர்லைன் அடாப்டர்களிலும் ஆலை வைத்த பொதுக் கடவுச்சொல் அப்படியே இருந்தால் பக்கத்து வீட்டுப் பெட்டி உங்கள் வலைக்குள் நுழையலாம். பல மாடல்களில், ஒன்றின் இணைப்புப் பொத்தானை அழுத்தி இரண்டு நிமிடத்துக்குள் மற்றதையும் அழுத்தினால் புதிய சாவி உருவாகிவிடும்.