பைக் லேன்

நம் ஊரில் ‘பைக்’ என்றால் மோட்டார் சைக்கிள். ஆகவே ‘பைக் லேன்’ என்று அப்படியே எழுதினால் தப்பான வண்டிதான் மனதில் வரும். ஆங்கிலத்தில் இந்த ‘பைக்’ ‘பைசைக்கிள்’ என்பதன் சுருக்கம்; பைக் லேன் என்றால் சாலையில் மிதிவண்டிக்கென ஒதுக்கிய பகுதி. ‘பை’ என்றால் இரண்டு; ‘சைக்கிள்’ கிரேக்கத்தின் ‘குக்லோஸ்’, அதாவது சக்கரம். இலங்கையில் வழங்கும் ‘துவிச்சக்கரவண்டி’யில் உள்ள துவியும் சக்கரமும் வடமொழி வழி வந்தவை. கிரேக்கச் சொல்லுக்கும் ‘சக்கரம்’ என்பதற்கும் வேர் ஒன்றே.

‘லேன்’ இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் அது வேலிகளுக்கு நடுவே போகும் ஒடுங்கிய வழி. கொங்கு நாட்டில் இதற்கு ‘இட்டேரி’ என்று அருமையான பெயர் உண்டு. இன்றைய பைக் லேனில் பெரும்பாலும் இல்லாதது அந்த வேலிதான். சாலையில் ஒரு வெள்ளைக்கோடு, ஒரு சைக்கிள் படம், அவ்வளவே.

அந்தக் கோட்டை எங்கே போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஓரத்தில் நிற்கும் கார்களுக்கும் ஓடும் வண்டிகளுக்கும் இடையே போட்டால், யாராவது பார்க்காமல் கார் கதவைத் திறக்கும்போது மிதிப்பவர் அதில் மோத வேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் பஸ்ஸின் முன்னே விலக வேண்டும். சரக்கு வேன்களும் அங்கேதான் வந்து நிற்கும். நியூயார்க்கின் ஒன்பதாவது அவென்யூவில் 2007இல் வரிசையை மாற்றினார்கள். நடைபாதையை ஒட்டி மிதிவண்டி, பிறகு கதவு திறக்கக் கொஞ்சம் இடைவெளி, அப்புறம் நிற்கும் கார்கள். கார்களே வேலியாகிவிட்டன.

டேனிஷ் மொழியில் இரண்டுக்கும் தனிச்சொல் உண்டு. கோடு மட்டும் போட்டது ‘சுகெல்பானெ’ (cykelbane). பிரித்துக் கட்டியது ‘சுகெல்ஸ்டி’ (cykelsti). கோபன்ஹேகனில் இரண்டாவது வகை சாலையைவிட ஒரு படி உயரமாகவும், நடைபாதையைவிட ஒரு படி தாழ்வாகவும் இருக்கும்.

தமிழில் இரண்டையும் ‘சைக்கிள் பாதை’ என்றே எழுதிவிடுகிறோம். கோடு போட்டதை ‘மிதிவண்டித் தடம்’ என்றும், பிரித்துக் கட்டியதை ‘மிதிவண்டிப் பாதை’ என்றும் சொல்லலாம் என்பது என் கட்சி. தடம் என்பது தரையில் பதிந்த அடையாளம், யாரும் மிதித்துப் போகலாம். பாதை என்றால் நடைபாதை மாதிரி தனியாகக் கட்டியது.

சந்திப்புகளில் மட்டும் இந்தப் பிரிவு நிற்காது. குறுக்கே வண்டிகள் போக வேண்டும் என்பதால் அங்கே திண்டு கட்ட முடியாது. கோபன்ஹேகனில் பல சந்திப்புகளில் நீல வண்ணம் பூசியிருக்கிறார்கள். பாதை அங்கே தடமாகி, சாலையைக் கடந்ததும் மறுபடி பாதையாகிறது.