விசில் அடித்தால் ஃபோ கலங்கும்

வியட்நாமின் ஃபோ சூப்பைக் குக்கரில் வைத்துப் பார்த்த வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "கடையில் தருவது டிக்காஷன் மாதிரி தெளிவாக இருக்கிறது, என்னுடையது மட்டும் ஏன் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆனது?" எட்டு விசில் விட்டாராம். அந்த எட்டு விசில்தான் வேலையைக் காட்டியிருக்கிறது.

ஹனோய்ப் பக்கம் மாட்டெலும்பைப் பல மணி நேரம் சிறுதீயில் போட்டு வைப்பார்கள். எலும்பை ஒட்டிய சவ்விலும் நாரிலும் கொலாஜன் என்ற புரதம் மூன்று புரி கயிறாக முறுக்கிக் கிடக்கிறது. சூட்டில் புரி பிரிந்து ஜெலட்டினாகக் கரையும், உதட்டில் லேசாக ஒட்டுகிற அந்தக் கனம் அதனால்தான். குக்கருக்குள் அழுத்தம் ஏறி வெப்பம் 100 டிகிரியைத் தாண்டி 120 டிகிரி வரை போகிறது. வெப்பம் 10 டிகிரி ஏறினால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்ற பள்ளிக்கூடக் கணக்கைப் போட்டால் நாலு மணி நேர வேலை ஒரு மணியில் முடியும். உண்மையில் குக்கரின் மூதாதையே எலும்புக்காகப் பிறந்ததுதான். 1679-ல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி ராயல் சொசைட்டி என்ற லண்டன் அறிவியல் சங்கத்தில் காட்டிய பாத்திரம், கெட்டி எலும்பை மெத்தென்று ஆக்கியது. வெடித்துவிடாமல் இருக்க அதில் ஒரு வால்வும் வைத்தார், நம் வெயிட்டுக்கு அதுதான் பாட்டன். மனிதர் கடைசியில் வறுமையில் செத்தார். ஆராய்ச்சிக்குக் காசு கேட்டால் 'இதனால் என்ன லாபம்' என்பவர்கள் தங்கள் வீட்டு அடுப்படியை ஒருமுறை எட்டிப் பார்க்கலாம்.

சரி, கலங்கலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 120 டிகிரியில் இருந்தாலும் குக்கருக்குள் தண்ணீர் கொதிப்பதில்லை! மேலிருந்து அழுத்தம் அமுக்குவதால் குமிழி எழ வழியில்லை, குளம் போல அசையாமல் கிடக்கிறது, உருகிய கொழுப்பும் மேலே சாதுவாக மிதக்கிறது. அப்போது வெயிட் தூக்கிக்கொண்டு விசில் அடிக்கிறது. அழுத்தம் சட்டென்று இறங்குகிறது, ஆனால் தண்ணீரின் சூடு அதே வேகத்தில் இறங்காது. அந்தக் கணத்தில் அது தன் கொதிநிலையைத் தாண்டிய தண்ணீர், ஆகவே மேலும் கீழுமாக எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் பொங்குகிறது. மத்தால் கடைந்த மாதிரி கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாகச் சிதற, கரைந்திருக்கும் ஜெலட்டின் ஒவ்வொரு துளியையும் சுற்றிச் சட்டை போட்டுவிடும், அப்புறம் அவை ஒன்று சேரவே சேராது. வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுவதால் வெள்ளையாகத் தெரிகிறது, பால் வெள்ளையாக இருப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

அதனால் விசிலை எண்ணாதீர்கள், விசிலே வரவிடாதீர்கள். முதலில் எலும்பைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து அந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். வெங்காயம், இஞ்சியைத் தீயில் நேரடியாகச் சுட்டு, வறுத்த அன்னாசிப்பூ, பட்டை, கிராம்பு, தனியாவைத் துணியில் முடிந்து போட்டு மூடுங்கள். வெயிட் லேசாகச் சீறத் தொடங்கியதும் சிம்மில் வைத்து ஒரு மணி நேரம். சின்ன பர்னருக்கு மாற்றினால் நல்லது. அணைத்த பிறகு அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்காதீர்கள், குழாயடியில் காட்டவும் வேண்டாம், இரண்டிலும் உள்ளே அதே பொங்கல்தான். மீன் சாஸும் கல்கண்டும் கடைசியில். அரிசி நூடுல்ஸ், வெங்காயத்தாள், எலுமிச்சை எல்லாம் உங்களுக்கே தெரியும்.

இந்த சூப் குடித்தால் நம் எலும்பு சேரும் என்று ஆட்டுக்கால் சூப்புக்குச் சொல்கிற கதையை இதற்கும் சொல்வார்கள். ஜெலட்டினும் புரதம்தான், வயிறு அதை வெட்டித் துண்டாக்கிவிடும். அது நேராக முட்டிக்குப் போய் உட்காராது.

எட்டு விசில் சூப்பைக் கொட்டிவிட வேண்டாம். ஜப்பானில் டோன்கோட்சு ராமென் என்ற நூடுல்ஸ் சூப்புக்குப் பன்றி எலும்பை வேண்டுமென்றே தளதளவென்று கொதிக்கவிட்டு இப்படிப் பாலாக்குகிறார்கள்.