மக்கள் தொடர்பு: தொடர்பா, உறவா?

'பப்ளிக் ரிலேஷன்ஸ்' என்பதற்குத் தமிழில் 'மக்கள் தொடர்பு' என்ற சொல் நிலைபெற்றுவிட்டது. பேச்சில் 'பி.ஆர்.' என்று சுருக்கிவிடுகிறோம். பழகிய சொல் என்பதால் யாரும் அதை நின்று பார்ப்பதில்லை. ஆனால் இந்தத் துறையின் கோட்பாடுகளை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் செல்லும்போது வரும் சிக்கல்களில் பாதி, இந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

முதலில் மூலச் சொல். 'பப்ளிக்' லத்தீன் மொழியின் 'பூப்ளிகுஸ்' என்பதிலிருந்து வந்தது. மக்களுக்கு உரியது என்று பொருள். 'ரிலேஷன்' என்பதன் வேர் 'ரெஃபெர்ரே' என்ற லத்தீன் வினை. திரும்பக் கொண்டுவருதல், வந்து சொல்லுதல் என்று அதற்குப் பொருள். கொண்டுபோவது மட்டுமல்ல, திரும்பக் கொண்டுவருவதும் வேரிலேயே இருக்கிறது.

ஒரு தொழிலாக இது உருவெடுத்தது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து அமெரிக்காவில். இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஐவி லீ 1906-இல் பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார்: எங்கள் வேலை வெளிப்படையாக நடக்கும், சரியான செய்தியை உடனுக்குடன் தருவோம் என்பது அதன் சாரம். எட்வர்ட் பெர்னேஸ் 1923-இல் இத்துறை பற்றித் தனி நூலே எழுதினார். 1984-இல் ஜேம்ஸ் குரூனிக், டாட் ஹன்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் இத்துறையின் நடைமுறையை நான்கு மாதிரிகளாகப் பிரித்தார்கள். பரபரப்பு உண்டாக்கிப் பெயர் தேடுவது ஒன்று. உண்மைத் தகவலைத் தருவதோடு நிறுத்திக்கொள்வது இன்னொன்று. மக்களை ஆராய்ந்து, அவர்கள் மனதைத் தன் பக்கம் திருப்புவது மூன்றாவது. நான்காவதில் நிறுவனமும் தன்னை மாற்றிக்கொள்ள ஆயத்தமாக இருக்கும். இதை 'இருவழிச் சமநிலை' எனலாம். சிறந்த மக்கள் தொடர்பு இதுதான் என்று குரூனிக்கின் குழு வாதிட்டது. அந்தக் குழு பெரிய அளவில் நடத்திய ஆய்வு அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என்ற மூன்று நாடுகளின் நிறுவனங்களைப் பற்றியது.

மூன்று நாடுகளில் கண்டது உலகம் முழுவதற்கும் பொருந்துமா?

பிற மொழிகள் இந்தப் பெயரை எப்படி ஏற்றன என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். ஜெர்மானியர்கள் 'ஓஃபென்ட்லிஷ்கைட்ஸ்ஆர்பைட்' என்கிறார்கள். 'பொதுவெளிப் பணி' என்று அதைத் தமிழாக்கலாம். அங்கே அழுத்தம் உறவின் மீது இல்லை. எல்லோரும் பார்க்கும் இடத்தில், எல்லோருக்கும் பதில் சொல்லும் வகையில் செயல்படுவதன் மீது இருக்கிறது. சீன மொழியில் 'கோங்கோங் குவான்ஷி'. அதிலுள்ள 'குவான்ஷி' அன்றாட வழக்கில் கொடுக்கல் வாங்கலும் கடமையும் கலந்த தனிமனிதப் பிணைப்பையும் குறிக்கும். அதனால் அந்தச் சொல்லைக் கேட்பவர் மனதில் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு நிறம் ஏறுகிறது. ஜப்பானியர்கள் இதே வேலைக்குப் பெரும்பாலும் 'கோஹோ' என்பார்கள். பரவலாக அறிவித்தல் என்று பொருள். 2002-இல் ஸ்லோவேனியாவின் பிளெட் நகரின் பெயரில் வெளிவந்த ஓர் அறிக்கை, ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இந்த ஆங்கிலப் பெயருக்குச் சரியான இணை இல்லை என்றே சொன்னது.

பெயரே இப்படி மாறும்போது நடைமுறை மாறாமல் இருக்குமா? இந்திய நிறுவனங்களை ஆராய்ந்த கிருஷ்ணமூர்த்தி ஸ்ரீராமேஷ், குரூனிக்கின் நான்கில் எதிலும் முழுமையாக அடங்காத ஒரு வழக்கத்தைக் கண்டார். மக்கள் தொடர்பு அலுவலர்கள் பத்திரிகையாளர்களோடும் அதிகாரிகளோடும் நெருக்கம் வளர்த்து, தேவைப்படும்போது அந்த நெருக்கத்தைப் பயன்படுத்தினார்கள். 'தனிமனிதச் செல்வாக்கு மாதிரி' என்று இதற்குப் பெயர். இந்தியா, தைவான், கிரீஸ் ஆகிய நாடுகளின் ஆய்வுகளை 1995-இல் சேர்த்து வைத்துப் பார்த்தபோது, இந்த மாதிரியோடு இன்னொன்றும் தென்பட்டது: அயல்நாட்டு நிறுவனத்துக்கு உள்ளூர்ப் பண்பாட்டை விளக்கிச் சொல்லும் இடையாளரின் வேலை. இவற்றைக் கிழக்கத்திய வழக்கம் என்று ஒதுக்குவது தவறு என்பது என் கருத்து. அதிகாரத்தின் அருகில் ஆள் பிடித்து வைத்துக்கொள்ளும் வேலை எந்தத் தலைநகரில் இல்லை?

இந்தக் கேள்விகளிலிருந்துதான் 1990-களில் ஒரு நடுவழி பிறந்தது: நெறி பொது, செயல்முறை இடத்துக்கேற்றது. நேர்மை, இருவழிப் பேச்சு போன்றவை எங்கும் ஒன்றே. அவற்றை நடத்தும் விதத்தை அந்த நாட்டின் அரசியல் அமைப்பு, பொருளாதாரம், வளர்ச்சி நிலை, பண்பாடு, ஊடகம், மக்கள் இயக்கங்களின் வலிமை ஆகிய ஆறும் தீர்மானிக்கும். ஸ்லோவேனிய ஆய்வாளர் டெயான் வெர்சிச்சும், ஜேம்ஸ் குரூனிக், அவர் மனைவி லாரிசா ஆகியோரும் சோசலிச ஆட்சியிலிருந்து அப்போதுதான் மாறியிருந்த ஸ்லோவேனியாவில் இதைச் சோதித்தார்கள். பண்பாட்டைப் பற்றி மட்டும் பேசி மற்ற ஐந்தை விட்டுவிடுவதுதான் இன்றும் நடக்கும் பெரிய பிழை. ஊடகம் அரசின் கையில் உள்ள நாட்டில் 'ஊடகங்களுக்குத் திறந்த மனதோடு தகவல் தருவோம்' என்ற நெறிக்கு என்ன பொருள் மிஞ்சும்?

மன்னிப்புக் கேட்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நீதிமன்றத்தில் ஆகிவிடுமோ என்று வழக்கறிஞர்கள் தயங்குவார்கள். ஜப்பானில் யார் மீது தவறு என்று தெரியும் முன்பே தலைவர் குனிந்து மன்னிப்புக் கேட்பது எதிர்பார்க்கப்படுகிறது. 'உங்கள் கவலை எனக்குப் புரிகிறது' என்பதும் அதில் அடக்கம். 2010 பிப்ரவரியில், கார்களைத் திரும்பப் பெற்ற விவகாரத்தில், டொயோட்டா தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து மன்னிப்புக் கேட்டார். ஒரே சொல்லை இரண்டு விதமாக எடைபோடும் இரண்டு நாடுகளும் அதை ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டிருந்தன.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். 'தொடர்பு' என்பது சிறுத்துப்போன மொழிபெயர்ப்பு, 'உறவு' என்று இருந்திருக்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். இன்றைய வழக்கில் அதற்கு நியாயம் உண்டு. 'தொடர்பு எண்', 'தொடர்பு முகவரி' என்று அது வெறும் இணைப்பாகச் சுருங்கிவிட்டது. ஆனால் திருக்குறளின் நட்பு அதிகாரத்தைப் பாருங்கள்: 'நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும் பண்புடை யாளர் தொடர்பு'. இங்கே தொடர்பு என்றாலே நட்பு. பழகப் பழக வளர்வது. ஒரு முறை செய்தி அனுப்பிவிட்டு முடிந்துபோவது அல்ல. குரூனிக் சொன்ன இருவழிச் சமநிலைக்கு இதைவிட நெருங்கிய சொல் வேண்டுமா? 'தொடர்பு' இருக்கட்டும், பழைய பொருளோடு.

இடறுவது 'மக்கள்' என்ற பாதிதான். ஆங்கிலத்தில் இத்துறையினர் 'பப்ளிக்' என்பதைப் பன்மையில் சொல்வார்கள். ஒரு பிரச்சினையால் பாதிக்கப்பட்டு, அதை உணர்ந்து, ஒன்றுசேரும் ஒவ்வொரு கூட்டமும் ஒரு தனி 'பப்ளிக்'. 'மக்கள்' என்றால் நமக்கு எல்லோரும் ஒரே திரளாகத் தோன்றுகிறார்கள். தொழிலாளர், வாடிக்கையாளர், ஆலைக்கு அருகில் குடியிருப்போர் என்று பிரித்துப் பேச வேண்டிய இடத்தில் 'தரப்பினர்' என்று எழுதலாம். அதேபோல 'பரப்புரை', 'விளம்பரம்' என்ற சொற்களை மக்கள் தொடர்போடு கலக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ஜப்பானியரிடம் 'கோஹோ'வுக்கு ஒரு துணைச்சொல் உண்டு: 'கோச்சோ', பரவலாகக் கேட்டல். அங்குள்ள நகராட்சிகள் பலவற்றில் இரண்டும் சேர்ந்து ஒரே பிரிவின் பெயராக இருக்கின்றன. தமிழில் அந்த இரண்டாவது சொல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. 'கருத்துக் கேட்பு' ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது. அதை 'மக்கள் தொடர்பு' இருக்கும் அறையிலேயே உட்கார வைக்கத்தான் நாம் இன்னும் பழகவில்லை.