செயலாய்வுச் சிக்கல்: சொல் விளக்கம்

கல்வியியல் பட்ட வகுப்புகளிலும் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சிகளிலும் ‘ஆக்‌ஷன் ரிசர்ச் ப்ராப்ளம்’ (ஆசிரியர் தம் நடைமுறையைச் செம்மைப்படுத்தத் தாமே ஆராய எடுத்துக்கொள்வது) என்று வழங்கும் தொடரைத் தமிழில் ‘செயல் ஆராய்ச்சிப் பிரச்சினை’ என்று எழுதுவோர் பலர். இதில் பிரச்சினை, ‘பிரச்சினை’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

ஆக்‌ஷன் ரிசர்ச் என்பதைத் துறைச்சொல்லாக நிலைபெறச் செய்தவர், செருமனியிலிருந்து அமெரிக்கா சென்று குடியேறிய உளவியலாளர் கர்ட் லெவின். 1946இல் அவர் வெளியிட்ட கட்டுரை சிறுபான்மையினர் குறித்த சிக்கல்களைப் பற்றியது; பள்ளியைப் பற்றியதன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஸ்டீபன் கோரி 1953இல் எழுதிய நூல், ஆசிரியர்களும் பள்ளி நிர்வாகிகளும் தங்கள் நடைமுறையைச் செம்மைப்படுத்திக்கொள்ளத் தாங்களே அதை ஆராயும் முறை என்று இதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் செயலாய்வு, செயல் ஆராய்ச்சி என்ற இரண்டும் வழங்குகின்றன. இலங்கையில் செயல்நிலை ஆய்வு என்பர். செயலாய்வு என்பது செயலைப் பற்றிய ஆய்வா, செயலின் வழியே நடக்கும் ஆய்வா என்ற ஐயத்துக்கு இடம் தருகிறது. செயலில் இருந்துகொண்டே ஆய்வதைச் சுட்டும் இலங்கை வழக்கு அவ்வகையில் துல்லியமானது. ஆயினும் சுருக்கம் கருதிச் செயலாய்வு என்பதையே நான் ஆள்கிறேன்.

ப்ராப்ளம் என்பதன் வேர், ‘முன்னே எறியப்பட்டது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பிரச்சினையோ, கேள்வியைக் குறிக்கும் ‘பிரச்ன’ என்ற வடசொல்லின் வழி வந்து, இன்று தொல்லை, சச்சரவு, முறையீடு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. அதனாலேயே, பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள் என்றதும், பெற்றோரின் வறுமை, கைப்பேசி மோகம், ஆசிரியர் பற்றாக்குறை என்று குறைகளின் பட்டியல் ஒன்று வந்து விழுகிறது. அவை உண்மையான குறைகளே. ஆனால் ஒரு வகுப்பாசிரியர் எட்டு வாரத்தில் மாற்றிப் பார்க்கக்கூடியவை அல்ல. ‘உற்றவை ஆராய்வான் செய்க வினை’ என்னும் குறளில் (512) ‘உற்றவை’ என்பதற்கு நேர்ந்த இடையூறுகள் என்று பரிமேலழகர் பொருள் கொள்கிறார். அங்கே பேசப்படுபவர் அரசனின் வினையாளர். ஆனாலும் ஆராய்பவரும் வினை செய்பவரும் ஒருவரே என்பது நமக்குப் பொருந்துகிறது.

சிக்கல் என்ற சொல் ‘சிக்கு’ என்னும் வினையடியாகப் பிறந்தது. நூல் சிக்கிக்கொண்டால், நூற்கண்டு முழுவதையும் இழுப்பவர் அதை இறுக்கிவிடுகிறார்; பிரிப்பவர் முதலில் தேடுவது கைக்கு அகப்படும் ஒரு நுனியை.

ஐந்தாம் வகுப்பில் பலருக்குக் கழித்தல் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ‘கணிதத்தில் பின்தங்கிய நிலை’ என்று தலைப்பிட்டால் அது முழு நூற்கண்டு. நோட்டுகளைப் பிரித்து, 402இலிருந்து 178ஐக் கழிக்கும் ஒரே கணக்கைப் பார்த்தால், சிலர் 376 என்று எழுதியிருப்பார்கள்; எந்த இலக்கம் மேலே இருக்கிறது என்று பாராமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தவர்கள் அவர்கள். வேறு சிலர் 234 என்று எழுதியிருப்பார்கள்; கடன் வாங்கத் தெரிந்தும், பத்தாமிடத்துப் பூச்சியத்தின் வழியாக வாங்கும்போது அங்கே ஒன்பதே மிஞ்சும் என்பதை மறந்து பத்தாகவே வைத்துக்கொண்டவர்கள். சரியான விடை 224. இவை இருவேறு சிக்கல்கள். பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிக் கட்டுகளைப் பிரித்துக் காட்டும் ஒரே பயிற்சி இரு சாராருக்கும் ஒரே அளவில் உதவும் என்று சொல்ல இயலாது. பூச்சியம் இடையில் வரும் கழித்தலில் மட்டும் ஏற்படும் பிழை என்று குறுக்கினால், முன்னும் பின்னும் அளக்கலாம், இடையில் செய்ததை மாற்றலாம். கீரையை ஆய்வதும் இப்படித்தான், தண்டோடு கீரைக்கட்டு முழுவதையும் அப்படியே சட்டியில் போடுவதில்லை.

தலைமையாசிரியரின் கைக்கு எட்டும் நுனி வேறு. ஆறாம் வகுப்பின் வாசிப்புத் தளர்ச்சியை அவர் எடுத்துக்கொண்டால், பாடம் நடத்தும் முறையைவிட, தமிழ்ப் பாடவேளை வாரத்தில் எத்தனை நாள் மதிய உணவுக்குப் பின் விழுகிறது என்பதே அவர் மாற்றக்கூடியது, ஏனெனில் கால அட்டவணை அவர் பொறுப்பு.

ஆகவே ‘செயலாய்வுச் சிக்கல்’ என்று எழுதலாம். செயலாய்வுக்குரிய சிக்கல் என்று வேற்றுமைத்தொகையாக விரிவதால், இடையில் ஒற்று மிகும்.