கொடிவழியும் ஆகுநிலையும்

பெங்களூர் ஆய்வகங்களில் பணிபுரியும் தமிழர்கள் கருவளர்ச்சியைப் பற்றித் தமிழிலேயே பேசிக்கொண்டாலும், ‘செல் லீனியேஜ்’, ‘செல் ஃபேட்’ என்னும் இரண்டு சொற்களை மட்டும் ஆங்கிலத்திலேயே விட்டுவிடுகிறோம். இரண்டுக்கும் தமிழ் தேவை.

லீனியேஜ் என்பது நூலையும் கோட்டையும் குறித்த ‘லீனியா’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கருமுட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிளந்துகொண்டே போகையில், எந்தச் செல்லுக்கு எது தாய் என்று தலைமுறைதோறும் குறித்துவைப்பதையே அது சுட்டுகிறது. வமிசாவளியைக் குறிக்கத் தமிழில் ‘கொடிவழி’ இருக்கிறது. ‘செல் கொடிவழி’ என்றே தயங்காமல் எழுதலாம்.

கடல்நீரில் தாய்க்கு வெளியே வளரும் கருக்கள் இந்தக் கொடிவழியைக் கண்ணால் பின்தொடர வழிசெய்தன. அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில், ஸ்டையெலா என்னும் அசிடியன் உயிரியின் (கடலடியில் ஒட்டி வாழும், பை போன்ற சிறு விலங்கு) முட்டையை ஆராய்ந்த உயிரியலாளர் எட்வின் கான்க்ளின், அதில் இயற்கையாகவே உள்ள மஞ்சள் நிறமி கருவுற்றபின் பிறை வடிவில் ஒதுங்குவதையும், எட்டுச் செல் நிலையில் பெரும்பாலும் இரண்டு செல்களுக்குள் சென்று, பின்னர் இளவுயிரியின் வால் தசைகளில் சேர்வதையும் 1905-இல் விவரித்தார். 1980-களில் ஜப்பானில் நிஷிடாவும் சாத்தோவும் வேறோர் அசிடியனின் செல்களுக்குள் ஒரு நொதியை அடையாளமாகச் செலுத்திப் பார்த்தபோது, அதன் 42 வால் தசைச் செல்களில் 28 மட்டுமே அந்த இரண்டு செல்களின் வழிவந்தவை என்றும், எஞ்சிய 14 வேறு செல்களிலிருந்து வந்தவை என்றும் தெளிவாயிற்று. நிறத்தை மட்டும் நம்பினால் கொடிவழியின் ஒரு கிளை விடுபட்டுவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

‘ஃபேட்’ என்பதன் இலத்தீன் மூலமான ‘ஃபாட்டும்’, சொல்லப்பட்டுவிட்டது என்று பொருள்படும். அதனால் ‘விதி’ என்றோ ‘ஊழ்’ என்றோ பெயர்க்கத் தோன்றும். ஆனால் உயிரியலில் ஃபேட் என்பது, இடையூறு ஏதும் இல்லாவிட்டால் ஒரு செல் என்னவாக ஆகும் என்பதை மட்டுமே குறிக்கும். 1891-இல் ஜெர்மன் உயிரியலாளர் ஹான்ஸ் டிரீஷ், உடல் முழுதும் முட்கள் கொண்ட கடலுயிரியான கடல் முள்ளெலியின் இருசெல் கருவைக் குலுக்கிப் பிரித்தபோது, பாதி உடலாக ஆகவேண்டிய செல், சிறியதாயினும் முழுமையான இளவுயிரியாகவே வளர்ந்தது. ஊழோ மாற்ற முடியாதது. ஆகவே ‘ஆகுநிலை’ என்பதே பொருந்தும் என்பது என் கருத்து. கருவின் எந்தப் பகுதி பின்னர் என்னவாக ஆகும் என்று காட்டும் ‘ஃபேட் மேப்’ என்பதை ‘ஆகுநிலை வரைபடம்’ எனலாம். சூழல் மாறினாலும் செல் பாதை மாறாத கட்டத்தை எட்டிவிட்டால், அதற்கு ‘ஆகுநிலை உறுதிப்பாடு’ என்று தனியே பெயரிடவேண்டும்.