விற்பனை இருக்கிறது, ரொக்கம் இல்லை: மந்தமான காலத்தில் ஒரு திராட்சைச் சாறு தொழில்

கடந்த ஐப்பசி மழையில் ஒரு மாலை, என் அலுவலகத்துக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பில் புத்தகங்களையும் ஒரு நீள நோட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். "ஆடிட்டர் சார், விற்பனை ஒண்ணும் பெருசா குறையல. ஆனா பாட்டில்காரருக்குக் கொடுக்கக் கையில காசு இல்ல. லாபம்னு நீங்க எழுதுற பணம் எங்கதான் போகுது?" என்று கேட்டார். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை வாங்கிப் பிழிந்து, பாட்டிலில் அடைத்து, மதுரை, திண்டுக்கல், விருதுநகர்க் கடைகளுக்கு அனுப்புகிற சிறு தொழில் அவருடையது. மந்தமான காலத்தில் பல சிறு தொழில்கள் மூடப்படுவது இந்தக் கேள்விக்கு உரிய நேரத்தில் விடை தேடாததால்தான் என்பது என் அனுபவம்.

நீள நோட்டைப் புரட்டினேன். கடைப் பெயர் இருந்தது, பாக்கித் தொகை இருந்தது, அந்தப் பாக்கி எந்தத் தேதியிலிருந்து நிற்கிறது என்பது மட்டும் எங்கும் இல்லை. பழைய பாக்கியில் கொஞ்சம் வரவு வைத்து, புதுச் சரக்கின் தொகையைக் கூட்டி, மீதியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார். பில் புத்தகங்களோடு ஒப்பிட்டு ஒவ்வொரு பாக்கிக்கும் எத்தனை நாள் ஆகிறது என்று இருவரும் உட்கார்ந்து எழுதினோம். பேருந்து நிலையத்தை ஒட்டிய பெட்டிக்கடைகள் சரக்கு இறங்கும்போதே காசு கொடுத்திருந்தன. அதிகம் வாங்குகிறவர் என்பதால் அதிகத் தள்ளுபடியும் பெற்றுவந்த ஒரு பெரிய கடையின் பாக்கி 110 நாளைத் தாண்டியிருந்தது.

எளிய கணக்கொன்றை அவருக்குப் போட்டுக் காட்டினேன். மாதம் 5 லட்சம் ரூபாய்க்குக் கடனில் சரக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கடைக்காரர்கள் 30 நாளில் பணம் தந்தால் வெளியில் நிற்கும் பாக்கி ஏறக்குறைய 5 லட்சம்தான். அதே கடைக்காரர்கள் 75 நாள் எடுத்துக்கொண்டால் பாக்கி 12.5 லட்சமாகிவிடும். விற்பனை ஒரு ரூபாயும் குறையவில்லை, லாபக் கணக்கும் மாறவில்லை, ஆனால் 7.5 லட்சம் ரூபாய் அவருடைய கல்லாவை விட்டு வெளியேறிவிட்டது. மந்த காலத்தில் கடைக்காரருக்கும் வசூல் இல்லை, அவர் முதலில் நிறுத்திவைப்பது கேட்காதவரின் பணத்தைத்தான். "முகம் பாத்து எப்படி சார் கேக்கறது?" என்றார். கேட்பதற்குச் சட்டம் இடம் தருகிறது, அது பலருக்குத் தெரியவில்லை.

குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இன்படி, உத்யம் என்ற மத்திய அரசின் சிறு தொழில் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் குறித்த நாளுக்குள்ளும், அதுவும் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். இதோடு, 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கிய மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, வருமான வரிச் சட்டத்தில் விதி ஒன்று நடைமுறையில் இருக்கிறது. இந்தக் கெடுவைத் தாண்டி மார்ச் 31 அன்றும் தராமல் வைத்திருக்கும் தொகையை, வாங்கியவர் அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே பில்லில் உத்யம் எண்ணையும் பணம் தர வேண்டிய நாளையும் அச்சிட்டுவிட்டு, மாசி மாதத்திலேயே பாக்கி விவரத்தை மரியாதையான கடிதமாக அனுப்புங்கள் என்று சொல்லிவருகிறேன். முறையான கணக்கு வைத்திருக்கும் பெரிய கடையில் அந்தக் கடிதம் அவர்களுடைய ஆடிட்டர் கண்ணில் பட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். மத்திய அரசின் இணையதளத்தில் புகார் செய்யும் வழியும் உண்டு. அதன் பிறகு அந்தக் கடையோடு வியாபாரம் தொடர்வது கடினம் என்பதால் அதைக் கடைசிப் படியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: வாங்கி விற்கும் வணிகர்களும் 2021 முதல் உத்யம் பதிவு பெறலாம் என்றாலும், அது வங்கிக் கடனில் முன்னுரிமை பெறுவதற்கு மட்டுமே, இந்த 45 நாள் பாதுகாப்பு அவர்களுக்கு இல்லை.

அடுத்த வாரம் அவருடைய கிடங்குக்குப் போயிருந்தேன். புதுப் பெட்டிகளை முன்னால் அடுக்கியதால் பழையவை சுவரோரம் ஒதுங்கியிருந்தன. உள்ளே கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து, கட்டைவிரலால் தூசியைத் துடைத்து, வெளிச்சத்தில் சாய்த்துத் தேதியைப் படித்தார். ஆறு மாதக் கெடு முடிய 19 நாள்தான் இருந்தது. அந்த வரிசையில் அப்படி 40 பெட்டிகள். கோடையிலும் சித்திரைத் திருவிழாவிலும் விற்கும் வேகத்தை நம்பி, பழம் மலிவாகக் கிடைத்தபோது மொத்தமாக வாங்கிப் பிழிந்ததன் விளைவு அது. இத்தனைக்கும் 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. மற்ற பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டுமே திராட்சை அறுவடையாகும்போது, இங்கே ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பழம் வந்துகொண்டிருக்கும். வாரா வாரம் தேவைக்கு வாங்கக்கூடிய இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு பணத்தைக் கிடங்கில் முடக்குவதைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

திராட்சை கெட்டுப்போகாமல் இருக்க ஒயினாக்கிவிடலாமே என்று அவரும் ஒருமுறை கேட்டார். அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் கிடைத்தாலும் தமிழ்நாட்டில் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருப்பதால், கடை கடையாகச் சென்று வாடிக்கையாளரைத் தேட முடியாது. நாசிக் போன்ற இடங்களில் ஒயின் தயாரிப்பவர்கள் ஆண்டின் தொடக்கத்தில் சில மாதங்களுக்குள் முழு ஆண்டுக்கான பழத்தையும் வாங்கியாக வேண்டும், அந்தப் பணம் தொட்டியிலும் பாட்டிலிலும் பல மாதம் காத்திருக்கும். தவிர, மனிதர் அருந்தும் மதுவுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால், பாட்டிலுக்கும் இயந்திரத்துக்கும் செலுத்திய ஜி.எஸ்.டி.யைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. ஆறு மாதக் கையிருப்பைத் தாங்க முடியாதவர் இறங்கும் தொழில் அல்ல அது என்று சொன்னேன்.

ஜி.எஸ்.டி. கணக்கில் இவருக்கே தெரியாமல் பணம் இருந்தது. பழச்சாற்றுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் பாட்டிலுக்கு அவர் கொடுப்பது 18 சதவீதம். விற்பனையில் வசூலிப்பதைவிடக் கொள்முதலில் செலுத்தும் வரி கூடும் மாதங்களில் உள்ளீட்டு வரி தேங்கிக்கொண்டே போகும். மூலப்பொருளின் வரி விகிதம் அதிகமாக இருப்பதால் தேங்கும் அந்தத் தொகையை இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பித்துத் திரும்பப் பெறலாம். மூலப்பொருள்களுக்குச் செலுத்திய வரிக்குத்தான் இது பொருந்தும், சேவைகளுக்கான வரிக்குப் பொருந்தாது. விண்ணப்பித்திருக்கிறோம்.

மிகவும் கவலை தந்தது அவர் வாங்கியிருந்த கடன். வங்கியின் ரொக்கக் கடன் வரம்பு, சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. 90 நாளைத் தாண்டிய பாக்கியை வங்கிகள் பொதுவாக அதில் சேர்ப்பதில்லை. ஆகவே வசூல் தள்ளிப்போகும் அதே நேரத்தில் வங்கியில் எடுக்கக்கூடிய தொகையும் சுருங்கிவிடும். அந்த இடைவெளியை நிரப்ப அவர் பத்து வட்டிக்கு ஒரு லட்சம் வாங்கியிருந்தார். நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய் என்றால் ஆண்டுக்கு 120 சதவீதம். எந்தப் பழச்சாற்றிலும் அந்த வட்டியைக் கட்டும் லாபம் கிடையாது. கந்துவட்டியைத் தடை செய்யும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003 முதல் இருந்தும், அவமானத்துக்கு அஞ்சி யாரும் வாய் திறப்பதில்லை. "அண்ணாச்சி, வங்கி மேலாளர்கிட்ட முதல்ல போய் நிலைமையைச் சொல்லுங்க, தவணை தவறுறதுக்கு முன்னாடியே போங்க" என்று வற்புறுத்தினேன். தவணை தவறி 90 நாள் கடந்தால் கணக்கு வாராக்கடனாகிவிடும். அதற்கு முன்பே, நலிவடையும் சிறு தொழில்களுக்கான ரிசர்வ் வங்கியின் சீரமைப்பு ஏற்பாட்டின்கீழ் தொழில்முனைவோர் தாமே விண்ணப்பிக்கலாம். வீட்டம்மாவின் நகையை வங்கியில் அடகு வைத்து அந்தப் பத்து வட்டிக் கடனை முதலில் அடைத்தார். அந்த முடிவு அவருக்கு எவ்வளவு கனமாக இருந்தது என்பதை அருகில் இருந்து பார்த்தேன்.

கடந்த வாரம் அதே மஞ்சள் பையோடு வந்திருந்தார். நீள நோட்டில் தொகைக்குப் பக்கத்தில் 'எத்தனை நாள்' என்று ஒரு கட்டம் போட்டிருந்தார். 45 நாளைத் தாண்டிய இரண்டு கடைகள் சிவப்பு மையில் இருந்தன. அவற்றில் ஒன்று அந்தப் பெரிய கடை. இரண்டு கடைக்கும் இந்த மாதம் சரக்கு ஏற்றவில்லை என்றார்.