கோல்ஃப் புல்வெளி ஓரத்தில் ஒயின் சுவைத்தல்: மூக்கும் உமிழ்நீரும் செய்யும் வேலை

தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் நகரையொட்டிய கான்ஸ்டான்ஷியா பள்ளத்தாக்கில், 1682-ஆம் ஆண்டிலிருந்து அறியப்படும் ஸ்டீன்பெர்க் பண்ணையில் திராட்சைத் தோட்டமும் கோல்ஃப் மைதானமும் உணவகமும் அருகருகே அமைந்துள்ளன. பந்தடித்துப் பழகிவிட்டு நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்து ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் வழக்கம் இத்தகைய இடங்களில் இயல்பானது. ஒயினின் சுவை புட்டிக்குள்ளேயே முழுமையாக அடைபட்டிருக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பருகுபவரின் வாயிலும் மூக்கிலும்தான் உருவாகிறது. அவர் எங்கிருந்து எழுந்து வந்தார், என்ன சாப்பிடுகிறார், எப்படிப்பட்ட காற்றில் அமர்ந்திருக்கிறார் என்பவையும் அதில் பங்கேற்கின்றன. திறந்தவெளி கோல்ஃப் பயிற்சித் திடலின் உணவகம் இதைக் கவனித்துப் பார்க்க மிகவும் ஏற்ற இடம்.

நாவு உணர்வது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி (இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றின் சுவை) என்ற சிலவற்றை மட்டுமே. பழவாசம், மிளகின் நெடி, புல்லின் பச்சை மணம் என்று நாம் சுவையாகச் சொல்பவை எல்லாம் மூக்கின் வேலை. ஒயினை வாயில் வைத்து விழுங்கும்போது அதிலிருந்து ஆவியாகும் மூலக்கூறுகள் தொண்டையின் பின்புறம் வழியாக மேலேறி, மூக்கின் உச்சியில் உள்ள நுகர்வு செல்களை அடைகின்றன. மூளை இந்த மணத்தையும் நாவிலிருந்து வரும் செய்தியையும் ஒன்றாகப் பிணைத்து, அனைத்தும் வாயிலேயே நிகழ்வதாக நமக்குக் காட்டுகிறது. கண்ணும் இதில் குறுக்கிடுகிறது. 2001-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில், மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த வெள்ளை ஒயினை போர்தோ நகரின் ஒயினியல் மாணவர்கள் 54 பேரிடம் கொடுத்தபோது, அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய சொற்களால் வருணித்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் மூக்கையே நிறம் வழிநடத்தியது என்பதால், புதியவர்கள் தங்கள் நாவை நம்பாமல் வெட்கப்படத் தேவையில்லை என்றே சொல்வேன்.

கான்ஸ்டான்ஷியா பகுதியின் புகழ்பெற்ற வெள்ளை ஒயின் சோவிஞான் பிளாங்க். அதன் பச்சை மணத்துக்கு முதன்மைக் காரணம் மெத்தாக்சிபைரசின் என்ற சேர்மம். குடைமிளகாயின் மணமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். தண்ணீரில் லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு நானோகிராம் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். நல்ல வெயிலும் வெப்பமும் திராட்சையில் இச்சேர்மத்தைக் குறைத்துவிடும். கடற்காற்று வீசும் குளிர்ந்த பள்ளத்தாக்கில் அது தங்குகிறது. இதே ஒயினில் ஆறு கார்பன் அணுக்கள் கொண்ட ஆல்டிஹைடுகளும் ஆல்கஹால்களும் சிறிதளவு உண்டு. இலை காயப்படும்போது அதன் கொழுப்பு அமிலங்களை நொதிகள் உடைப்பதால் பிறக்கும் சேர்மங்கள் இவை. புல் வெட்டும் இயந்திரம் போன பின் மைதானமெங்கும் எழும் வாசனையும் இவற்றால் ஆனதுதான்.

ஒரு மணம் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால், நுகர்வு செல்லுக்குள் நுழையும் கால்சியம் அயனிகள் அந்த செல்லின் உணர்திறனைக் குறைக்கின்றன. எனவே வெட்டிய புல்லின் நடுவே நெடுநேரம் நின்றுவிட்டு வந்தவருக்கு, கோப்பையில் உள்ள அதே மூலக்கூறுகள் மங்கலாகத் தோன்றும் என்று எதிர்பார்க்கலாம். சற்று நேரம் புல்வெளியை விட்டு விலகி உள்ளே அமர்ந்தால் உணர்திறன் மீளும்.

உமிழ்நீரின் பங்கைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. சிவப்பு ஒயினில் உள்ள டானின்கள் என்ற துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களோடு, குறிப்பாக புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்தவற்றோடு, பிணைந்து அவற்றைத் திரளச் செய்கின்றன. வாயின் வழவழப்பு குறைந்து, உள்தோல் உரசிக்கொள்வதை நாம் துவர்ப்பாக உணர்கிறோம். பாக்கை மெல்லும்போது நேர்வதும் இதுவே. வெயிலில் வியர்த்து நீர் இழந்தவரின் வாயில் உமிழ்நீர் குறைவாகவே சுரப்பதால், துவர்ப்பு கடுமையாகவும் நீண்டும் தெரியும். கனமான சிவப்பு ஒயினைக் குறை சொல்வதற்கு முன் தண்ணீர் குடிப்பது அறிவியல் சார்ந்த அறிவுரைதான். அதோடு இறைச்சி உண்டால், அதன் புரதமும் கொழுப்பும் டானின்களில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்வதால் ஒயின் மென்மையாகிறது.

மீனோடு கதை வேறு. சில சிவப்பு ஒயின்கள் கடலுணவோடு சேரும்போது வாயில் எழும் விரும்பத்தகாத மீன்வாடைக்கு ஒயினில் உள்ள இரும்பே காரணம் என்று 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். சிவப்பு ஒயின் மீனுக்கு ஆகாது என்ற பழைய விதியைவிட, இரும்பு மிகுந்த ஒயின் மீனுக்கு ஆகாது என்பதே துல்லியம்.

மேசை எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதும் பொருட்படுத்த வேண்டியது. வாய் குறுகிய கோப்பை ஆவியை உள்ளே தேக்கிவைக்கிறது. பலமான காற்று அந்த ஆவியை அடித்துச் சென்றுவிடும். நிறமற்ற கண்ணாடிப் புட்டியை வெயிலில் வைத்தால், நீல ஒளியும் புற ஊதா ஒளியும் ஒயினில் உள்ள ரைபோஃபிளேவின் என்ற வைட்டமினைத் தூண்டி, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கின்றன. வேகவைத்த முட்டைக்கோசின் நாற்றமுடைய கந்தகச் சேர்மங்கள் அப்போது உண்டாகின்றன. சில மணி நேரமே இதற்குப் போதும். இரைச்சலும் சுவையை மாற்றும். 2015-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், விமானத்தின் உட்புறத்தைப் போன்ற தொடர்ச்சியான பேரிரைச்சலில் இனிப்பு குறைவாகவும் உமாமி கூடுதலாகவும் உணரப்பட்டன. நாவின் முன்பகுதியிலிருந்து சுவைச் செய்தியை எடுத்துச் செல்லும் நரம்பு செவிப்பறையை ஒட்டியே செல்வது இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. திடலில் கேட்பது விட்டு விட்டு வரும் மட்டையடி என்பதால் இம்முடிவை அப்படியே அங்கே பொருத்த முடியாது. ஆயினும் பந்தடிக்கும் வரிசையிலிருந்து தள்ளிப் போடப்பட்ட மேசையையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கேப்டவுனில், ஆசியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்த கேப் மலாய் சமூகத்தின் மசாலாக் குழம்புகள் பெயர்பெற்றவை. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் எந்த வெப்ப உணர்வியைத் தூண்டுகிறதோ, அதே உணர்வியை ஆல்கஹாலும் பாதிக்கிறது. வழக்கமாக 42 பாகை செல்சியஸ் அளவில் விழிக்கும் அந்த உணர்வி, ஆல்கஹால் இருக்கும்போது 34 பாகை அளவிலேயே, அதாவது உடல் வெப்பத்துக்கும் கீழே, விழித்துவிடுகிறது. காரமான உணவோடு ஆல்கஹால் மிகுந்த சிவப்பு ஒயின் வாயை எரிப்பது இதனால்தான். அங்கே ஆல்கஹால் குறைந்த, சிறிது இனிப்பு தங்கிய, குளிர்ந்த வெள்ளை ஒயினே பொருந்தும்.